வரிசையில் ஏழாவது மட்டை

ஜூன் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் சுகம். உன் வீட்டுக்காரரும், அவருடைய சைக்கிள் கடையும், அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்ட நீயும், டென்னிஸ் மட்டைக்கு நரம்பு போடும் உன் மிஷினும் சுகமா?

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அண்ணன் பக்கத்தில் வந்து காதை நீட்டுகிறார். இது அவர் காதுக்குப் போகக்கூடாத சங்கதி.

கல்யாணமான புதிதில் அவர் பயிற்சிக்குப் பந்து திருப்பிப் போட ஆள் இல்லாமல் என்னை நிறுத்தினார், அப்படிக் கற்றுக்கொண்டதுதான் என் டென்னிஸ். என்னிடம் உருப்படியாக இருப்பது ஒன்றே ஒன்று, இடது பக்கம் வரும் பந்தை வெட்டி அனுப்பும் ஸ்லைஸ். கொஞ்ச நாளாக அதுவும் என்னை ஏய்க்கிறது. வலையைத் தாண்டியதும் பந்து மேலே மிதக்கிறது. எதிரில் நிற்பவர் டீ குடித்துவிட்டு வந்து அடிக்கலாம், அவ்வளவு நேரம் கிடைக்கிறது. உன் அண்ணன் கிளப் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார்: "ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிற கை பாருங்க, பந்துக்குக்கூட வலிக்காம அடிக்கும்."

அக்டோபரில் கிளப்பின் ஆண்டுப் போட்டி. நாற்பது வயதைத் தாண்டியவர்களில் ஆள் குறைவு என்பதால் ஆண் பெண் எல்லோரும் ஒரே பட்டியல். அந்தக் கோப்பை பல வருடமாக எங்கள் வீட்டு டிவி பக்கத்தில்தான் நிற்கிறது. அதைத் துடைக்கிறவள் நான். இந்த வருடம் நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அவரை ஜெயிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை போதும், அதற்குப் பிறகு ஆயுசு முழுக்கத் துடைக்கச் சொன்னாலும் துடைக்கிறேன்.

என் மட்டையை அனுப்பியிருக்கிறேன். கோளாறு மட்டையிலா, கையிலா? ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மட்டையும் அதன் உறைக்குள் கடிதமும் பத்திரமாக வந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். பாதிக் கடையைப் பறிகொடுத்தவர் மீதிப் பாதியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறார், உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

கோளாறு கையில் கால்வாசி, மட்டையில் முக்கால்வாசி. இந்த மட்டை அண்ணன் வாங்கிக் கொடுத்தது, இல்லையா? லேசான மட்டை, தலை பெரியது. நரம்பு நீளவாக்கில் பதினாறு, குறுக்கே பத்தொன்பது. அதனால் கட்டங்கள் பெரிது. பெரிய கட்டம் பந்தை நன்றாகக் கவ்வும், சுழலும் நிறைய கொடுக்கும், ஆனால் பந்து கிளம்பும்போதே மேல்நோக்கிக் கிளம்பும். அதற்கு மேல் உங்கள் நரம்பு பழைய கட்டில் கயிறு மாதிரித் தொய்ந்து கிடக்கிறது. ஸ்லைஸ் மிதக்காமல் வேறென்ன செய்யும்?

இந்த மாதிரி மட்டையில் ஆடியே தீர வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. மட்டையின் முகத்தை வானம் பார்க்க விடக்கூடாது. மேலிருந்து கீழே வெட்டுவதைக் குறைத்து, பந்துக்குப் பின்னால் போய் முன்னே தள்ள வேண்டும். தோளைச் சீக்கிரம் திருப்பவும் கூடாது. உங்களுக்கு அந்தத் தொல்லை எதற்கு? என் கடையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு கனமான மட்டையை அனுப்புகிறேன். தலை சின்னது, சட்டம் ஒல்லி, நரம்பு பதினெட்டுக்கு இருபது. கட்டம் நெருக்கமாக இருப்பதால் பந்து தாழ்வாகக் கிளம்பும், மட்டையின் கனம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். நல்ல முரட்டு பாலியஸ்டர் நரம்பாகப் போட்டிருக்கிறேன். தரையில் பட்ட பந்து எழுந்திருக்க யோசிக்கும்.

நீங்கள் மனசில் இருப்பதைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். இந்த ஊரில் ஆடுகிற அத்தனை பேர் மட்டையும் என் மிஷினில் ஏறி இறங்கியிருக்கிறது. என் கூடப் பிறந்தவர் மட்டை மட்டும் ஏறியதில்லை. பெரிய கடையில் கம்ப்யூட்டர் மிஷினில் போட்டுக்கொள்கிறார். என்னுடையதை முதல்முதலாகப் பார்த்தபோது, "என்ன, தையல் மிஷின் மாதிரி இருக்கு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் நரம்பு போட்ட மட்டையால் நீங்கள் அவரை ஜெயித்தால் ஒரு நாள் அவர் மட்டையும் பார்சலில் வரும். எனக்கு அது வந்தாக வேண்டும், அண்ணி.

அன்பு மறவாத,
நாத்தனார்

ஜூலை 20

என் நரம்பு டாக்டருக்கு,

சுகம், சுகம், சுகத்திலும் சுகம். உங்கள் இருவர் நலமும் எழுதவும்.

முதல் நாள் புது மட்டையோடு போய் ஒரு ஸ்லைஸ் போட்டேன். பந்து வலையை உரசின மாதிரிப் போய் விழுந்து அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடியது. உன் அண்ணன் அதை எடுக்கக் குனிந்தவர் நிமிர ஒரு நிமிடம் ஆனது. பந்தைக் கையில் எடுத்து, "இதுல என்ன தடவி வச்சிருக்க?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு நன்றாகத் தண்ணி காட்டுகிறேன். அவர் முழங்காலுக்கும் என் ஸ்லைஸுக்கும் ஆகவே மாட்டேன் என்கிறது.

கட்டம், கோணம் என்று நீ எழுதிய பாடத்தை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. மட்டை இருக்க லெக்சர் எதற்கு?

கை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எழுத்து கோணலாகத் தெரிந்தால் பஸ்ஸில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அவசரத்தில்,
அண்ணி

ஜூலை 27

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நலம். உங்கள் முழங்கை நலமா?

பஸ்ஸில் எழுதினால் எழுத்து குலுங்கும், இடது பக்கம் சாயாது. நீங்கள் அந்தக் கடிதத்தை இடது கையால் எழுதியிருக்கிறீர்கள். வலது கையால் பேனா பிடிக்க முடியாத அளவுக்கு வலித்திருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறீர்கள். எத்தனை நாளாக இப்படி?

முழுக்க முழுக்க பாலியஸ்டர் போட்டது என் வேலை. முறுக்கான நரம்பு, அடியின் அதிர்வை அப்படியே கைக்கு அனுப்பும். உங்கள் கை பழகாத கை என்று நான் யோசித்திருக்க வேண்டும். அண்ணன் குனிந்து நிமிர்கிற காட்சியிலேயே மனசு போய்விட்டது. நாளைக்கு நீங்கள் ஊசி பிடிக்கிற கை இது. கோப்பைக்கும் தையல் மிஷினுக்கும் அதை விலையாகக் கொடுக்க முடியாது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் மட்டையை அனுப்புங்கள். நீளவாக்கில் மட்டும் பாலியஸ்டரை வைத்துக்கொண்டு, குறுக்கே மெல்லிய இழைகள் சேர்ந்த மெத்து நரம்பு போடுகிறேன். இறுக்கத்தையும் இரண்டு பவுண்டு குறைக்கிறேன். நரம்பு பந்தைக் கடிக்கிற கடி கொஞ்சம் குறையும், ஆனால் கட்டம் நெருக்கமாக இருப்பதால் பந்து தாழ்வாகத்தான் போகும். அது வந்து சேரும் வரை நீங்கள் மட்டையே தொடக்கூடாது. நாத்தனார் சொல்கிறேன், கேட்க வேண்டும்.

கோபத்துடனும் அன்புடனும்,
நாத்தனார்

செப்டம்பர் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

வலது கையால் எழுதுகிறேன், பார்த்துக்கொள். இங்கே சுகம். உன் வீட்டுக்காரருக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன், வெந்நீர் குடிக்கச் சொல்.

உன்னிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதில் வெட்கமாக இருந்தது, அதனால்தான் மட்டை வந்த பிறகும் உடனே எழுதவில்லை. ஆனால் உன் கண்ணை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. கூடவே படுத்து எழுந்திருக்கிற மனுஷனுக்கு என் கை வலி தெரியவில்லை. ஊர் தாண்டி இருக்கிற உனக்கு எழுத்தின் சாய்வில் தெரிந்துவிட்டது.

புது நரம்பு அருமை. வலி போன இடம் தெரியவில்லை. பந்தை முன்பு மாதிரிக் கடிக்கவில்லை, ஆனால் பந்து நான் நினைத்த இடத்தில் போய் விழுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் உன் அண்ணனிடமிருந்து ஒரு செட் எடுத்தேன். கிளப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவ எங்க ஆடுறா? மட்டைதான் ஆடுது."

அதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் உனக்கு அது பாராட்டுதானே? எடுத்துக்கொள்.

போட்டி அக்டோபர் முதல் வாரம். பட்டியலில் அவர் ஒரு முனை, நான் மறு முனை. இருவரும் மோத வேண்டும் என்றால் இறுதி ஆட்டத்தில்தான்.

அன்புடன்,
அண்ணி

அக்டோபர் 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். நலமறிய ஆவல்.

ஜெயித்துவிட்டேன். இறுதி ஆட்டம், உன் அண்ணனோடு. நாலுக்கு ஆறு, ஆறுக்கு நாலு, கடைசி டைபிரேக்கர் பத்துக்கு எட்டு. கோப்பை அதே இடத்தில்தான் நிற்கிறது, துடைப்பவர் மட்டும் மாறியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணி

அக்டோபர் 15

என் சாம்பியன் அண்ணிக்கு,

வணக்கம், வாழ்த்து, எல்லாம். உங்கள் கடிதத்தைக் கடை நடுவில் நின்று சத்தமாகப் படித்தேன். என் வீட்டுக்காரர் கையில் இருந்த டியூபை அப்படியே போட்டுவிட்டு வந்து கேட்டார். இருமல் போய்விட்டது, அது உங்கள் வெந்நீரா வெற்றியா தெரியவில்லை.

என்ன அண்ணி, ஐந்து மாதம் உழைத்துவிட்டு ஐந்து வரி எழுதுகிறீர்கள்? நரம்பு எப்படி நடந்துகொண்டது? கடைசிப் பந்து ஸ்லைஸ்தானே? அண்ணன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரா? வாயைத் திறந்து ஏதாவது சொன்னாரா? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. சைக்கிள் வாடகை எழுதிப்போடும் பலகை ஒன்று கடை வாசலில் உண்டு. அதைக் கழுவி, "எங்கள் நரம்பு, எங்கள் அண்ணனையே ஜெயித்தது" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் கதை கேட்கிறார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்கிறேன். இந்த வாரம் மட்டும் ஒரு ஆணிகூட மிச்சமில்லாமல் மட்டைகள் தொங்குகின்றன.

அண்ணன் மட்டை எப்போது வரும்? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அவராக அனுப்ப வேண்டும்.

தலைகால் தெரியாமல்,
நாத்தனார்

நவம்பர் 22

தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நினைக்கிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

கிளப் நண்பர் ஒருவர் உன் ஊர்ப்பக்கம் வந்தபோது உன் கடைப் பலகையைப் பார்த்திருக்கிறார். கிளப்பில் வந்து சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காது. உன் அண்ணி உன்னிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் கேட்டேன், "சொல்லாதீங்க" என்றாள். சொல்லாமல் இருந்தால் நாளைக்கு வேறு யாராவது உன் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

உன் நரம்பு என்னை ஜெயிக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் உன் நரம்பு போட்ட மட்டை என் கையில் இருந்தது.

மட்டைதான் ஆடுகிறது, அவள் ஆடவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோர் எதிரிலும், "அப்படின்னா மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். வாலைச் சுருட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். உடனே நீட்டிவிட்டாள். என் மட்டையை வாங்கிக்கொண்டாள். முதல் செட் எனக்கு. பிறகு என் மட்டையை என்னவோ வேறு விதமாகப் பிடித்து ஆட ஆரம்பித்தாள். என் வேகப் பந்து உன் மட்டையிலிருந்து நேரே வலைக்குப் போனது. நல்லபடியாகத் தோற்றேன். மட்டை ஆடவில்லை, அவள்தான் ஆடுகிறாள். கிளப்பில் எல்லோரிடமும் இதை நானே சொல்லிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கடைசி டைபிரேக்கரில் வேறு வழியில்லாமல் நான் ஒரு ஸ்லைஸ் போட்டேன். ஆயுசில் எனக்கு ஸ்லைஸ் வந்ததில்லை. அந்தப் பந்து வலையை ஒட்டிப் போய் விழுந்து எழுந்திருக்கவே இல்லை. கையில் அடித்த மாதிரியே தெரியவில்லை. அவள்கூட நின்று பார்த்தாள். ஆட்டம் முடிந்து இவ்வளவு நாள் ஆகியும் அந்த ஒரு பந்து என் கையைவிட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டர் மிஷினில் அது எனக்குக் கிடைத்ததில்லை.

என் மட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவளுக்குப் போட்ட மாதிரியே போடு. அந்தத் தையல் மிஷினிலேயே போடு. கொஞ்சம் அவசரம்.

அண்ணன்

நவம்பர் 27

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

அண்ணன் கடிதம் வந்தது. ஏன் அண்ணி சொல்லவில்லை? இடது கையால் எழுதியதைக் கண்டுபிடித்தவளுக்கு ஐந்து வரிக் கடிதத்தில் என்ன இல்லை என்று பார்க்கத் தெரியவில்லை. பார்க்க விருப்பமில்லை என்பதுதான் சரி. ஊரெல்லாம் கூப்பிட்டு மார் தட்டினேன். தோற்ற மட்டை என்னுடையது.

உங்கள் மேல் கோபம் இல்லை. இருக்கிறது, கொஞ்சம் இருக்கிறது. இத்தனை வருடம் காத்திருந்த மட்டை கடைசியில் வந்தேவிட்டது, ஆனால் நான் நினைத்த மாதிரி வரவில்லை. மூலையில் சாத்தியிருக்கிறது.

அவருடைய மட்டை விரிந்த கட்டம், உங்கள் கைக்கு ஆகவே ஆகாது. அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஜெயித்தீர்கள்?

நாத்தனார்

டிசம்பர் 5

என் கோபக்கார நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். சுகம். உன் கோபம் சுகமா?

சொல்லாததற்குக் காரணம் கேட்டாய். உன் அண்ணனை அவருடைய மட்டையாலேயே தோற்கடித்தவள் நான். என் வாழ்நாளில் நான் பேச வேண்டிய பெருமை அது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னேன், லிஃப்ட் இயக்குபவரிடம்கூடச் சொன்னேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் பேனா நகரவில்லை. எழுதினால் உன் மட்டை தோற்றதாக ஆகிவிடுமே. நீ பலகை வேறு எழுதி வைத்ததும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. பெருமையை வாய்க்குள் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இருப்பது லேசில்லை, தெரியுமா?

எப்படி ஜெயித்தேன் என்று கேட்டாயே, அதற்கு வா. முதல் செட்டில் அவர் மட்டையால் நான் போட்ட ஒவ்வொரு ஸ்லைஸும் பழையபடி மிதந்தது. அவர் ஓடிவந்து அடித்துத் தள்ளினார். செட் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உன் ஜூன் மாதக் கடிதம் நினைவுக்கு வந்தது. லெக்சர் என்று கேலி செய்தேனே, அதுதான். கை வலித்துச் சும்மா இருந்த நாட்களில் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தேன். விரிந்த கட்டத்தில் ஆடியே தீர வேண்டும் என்றால் முகத்தை வானம் பார்க்க விடாதே, வெட்டாதே, பின்னால் போய் முன்னே தள்ளு, தோளைத் திருப்பாதே. எழுந்து போய் நீ சொன்னபடியே ஆடினேன். பந்து அடங்கியது. இரண்டாவது செட்டும் கடைசி டைபிரேக்கரும் அப்படித்தான் வந்தன.

என் கையில் இருந்தது அவர் மட்டை. ஆனால் ஆடியது நீ எழுதியதை. அவர் கையிலும் நீ, என் கையிலும் நீ. அந்த ஆட்டத்தில் தோற்காத ஆள் நீ ஒருத்திதான். உன்னை நினைத்தால் எனக்கு உச்சி குளிர்கிறது.

மூலையில் சாத்தியிருப்பதை எடுத்து மிஷினில் ஏற்று. அவர் தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறார். ஏதோ காற்று வாங்குகிறாராம்.

உன் சாம்பியன்,
அண்ணி

டிசம்பர் 11

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, அதாவது அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? ஸ்லைஸை எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள், அண்ணியிடம் கேட்டால் செய்து காட்டுவார்.

வாசலில் இருந்த பலகையை அழித்துவிட்டேன். நடக்காததை எழுதி வைத்து வேலை பிடிக்கிற நிலைமை எனக்கு இல்லை. அந்த இடத்தில் உங்கள் மட்டையை மாட்டியிருக்கிறேன். யாருடையது என்று கேட்பவர்களுக்கு "எங்க அண்ணனோடது" என்று சொல்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது.

அண்ணிக்குப் போட்ட மாதிரியே போடச் சொன்னீர்கள். அது முடியாது. உங்கள் மட்டை விரிந்த கட்டம், உங்கள் கை வேகமான கை. நீளவாக்கில் பாலியஸ்டர், குறுக்கே மெத்து நரம்பு என்பது மட்டும் அண்ணியுடையது மாதிரி. இறுக்கம் மூன்று பவுண்டு அதிகம். பந்தை மேல்நோக்கிச் சுழற்றி அடிக்கிற உங்கள் டாப்ஸ்பின் சாகாது, ஸ்லைஸ் முன்பைவிடத் தாழும். அந்த ஒரு பந்து மறுபடியும் வரும்.

அவசரம் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எல்லோருக்கும் அவசரம்தான். உங்களுக்கு முன்னால் ஆறு மட்டைகள் இருந்தன, உங்களுடையது ஏழாவது. இந்தக் கடையில் அண்ணன் என்பதற்காக வரிசை மாறாது. உங்கள் முறை வருகிற திங்கட்கிழமை, அன்றைக்குத்தான் அனுப்புவேன்.

ஒன்று சொல்கிறேன், கிளப்பில் சொல்லிவிடாதீர்கள், அண்ணிக்கும் நான் இதை எழுதவில்லை. உங்கள் பார்சல் வந்த அன்று காலையில் மிஷினில் வேறொருவர் மட்டை பாதி நரம்போடு ஏறியிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு உங்களுடையதை ஏற்றினேன். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்து, கண்ணைத் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். இத்தனை நாள் தொங்கினால் இறுக்கம் கொஞ்சம் இறங்கும், அதையும் கணக்கில் சேர்த்தேதான் இழுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி